செஸ்டரில் ஒரு திண்ணை

"உடம்புக்கு ஏதாவது செய்கிறதா? யாரையாவது கூப்பிடட்டுமா?" என்று கடைக்குள்ளிருந்து வந்து கேட்டார் அந்தப் பெண்மணி. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அவர் குரலில் கனிவுக்குக் குறைவில்லை. ஆனாலும் எழுந்து நின்றுவிட்டேன். கும்பகோணத்தில் கடை வாசலில் நிற்பவனைப் பார்த்துத்தான் 'ஏன் நிற்கிறீர்கள், உட்காருங்கள்' என்பார்கள். இங்கே உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தால் ஆம்புலன்ஸ் நினைவு வருகிறது.

இத்தனைக்கும் நான் உட்கார்ந்தது திண்ணையில். வேறு எப்படிச் சொல்ல? இங்கிலாந்தின் செஸ்டர் நகரின் நாற்சந்தியில் கூடும் தெருக்களில் கடைகள் இரண்டு அடுக்காக இருக்கின்றன. தெருவிலிருந்து சில படி இறங்கினால் நிலவறைக் கடை. பக்கத்துப் படியில் ஏறினால், அந்தக் கடையின் தலைக்கு மேல், கூரை போட்ட நடைபாதை கடை கடையாக நீள்கிறது; அதன் உள்பக்கம் இன்னொரு வரிசைக் கடைகள். அதற்கும் மேலே மாடி முன்னால் நீண்டு வந்து தூண்களில் நிற்கிறது. 'ரோஸ்' (Rows, அதாவது வரிசைகள்) என்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஏற்பாடு. 1278இல் ஊரை எரித்த தீக்குப் பிறகு கட்டியபோது வந்த வழக்கம் என்பார் ஒருவர். ரோமானியக் கோட்டையின் இடிபாடு கீழே கிடந்ததால் ஆழத் தோண்ட முடியாமல் வந்தது என்பார் இன்னொருவர். எப்படி வந்தால் என்ன, குடையில்லாமல் கடைவீதி சுற்றலாம்.

நடைபாதைக்கும் தெருப்பக்கக் கைப்பிடிக்கும் நடுவில், பலகை பாவிய மேடை ஒன்று சற்றே சாய்வாக ஓடுகிறது. கீழ்க்கடையில் தலை இடிக்கக் கூடாதென்று சாய்த்திருக்கிறார்கள். மேல்கடைக்காரர்கள் அந்தக் காலத்தில் சரக்கைப் பரப்பி விற்றதும் அதன்மேல்தான். இன்றைக்குப் பெரும்பாலும் வெறுமனே கிடக்கிறது. ஓர் ஆள் தாராளமாகக் கால் நீட்டலாம். கீழே தெருவே தெரியும். காற்று உண்டு, மழை இல்லை. எங்கள் தாத்தாவுக்கு இப்படி ஓர் இடம் கிடைத்திருந்தால் வெற்றிலைச் செல்லத்தோடு வந்து குடியேறியிருப்பார். இவர்களோ விறுவிறுவென்று நடந்து போகிறார்கள். எழுநூறு வருஷமாகத் திண்ணையை வைத்துக்கொண்டு உட்காரத் தெரியாத ஊர்!

கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமான முகப்புகளைப் பற்றி எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. எல்லோரும் படமெடுக்கும் நாற்சந்தி மூலைக் கட்டடம் 1888இல் லாக்வுட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. 1854இல் தொடங்கிய எங்கள் ஊர் அரசு கல்லூரியைவிட இளையது. வாட்டர்கேட் தெருவில் 1652ஆம் வருஷத்து வீடு என்று காட்டுவதும் 1862இல் பழைய மரங்கள் சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக எழுப்பியதுதான். கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் புதுவண்ணம் பூசும் கோபுரங்களைப் பார்த்து வளர்ந்தவன் இதைக் குறை சொல்லக் கூடாது.

மற்றபடி ஊர் பழகிவிட்டது. இறங்கும்போது பஸ் ஓட்டுநருக்கு நன்றி சொல்கிறேன். மழையைப் பற்றி முன்பின் தெரியாதவரோடு மூன்று நிமிஷம் பேச முடிகிறது. கடைகளைச் சாயங்காலம் ஐந்தரைக்கு அடைத்துவிடுவார்கள் என்பதுகூட மனதில் பதிந்துவிட்டது. ஐந்தரைக்குக் கும்பகோணத்தில் அப்போதுதான் விளக்கைப் போட்டு ஊதுபத்தி ஏற்றுவார்கள். ராத்திரி ஒன்பதரைக்கு அப்பா கடையைச் சாத்துவார். பலகைக் கதவு, ஒவ்வொரு பலகையிலும் நீலப் பெயின்டில் எண். ஒன்றிலிருந்து வரிசையாகக் காடியில் இறக்கித் தள்ள வேண்டும். ஆறாம் எண் மழையில் ஊறி வளைந்து போனது. அதை முழங்காலால் ஓர் இடி இடித்தால்தான் ஏழுக்கு இடம் விடும். பூட்டிய பிறகு வெளித் திண்ணையில் யாராவது துண்டை உதறிப் போட்டுப் படுப்பார்கள். யார் என்று அப்பா கேட்டதில்லை. 'பீடி நெருப்பை அணைச்சிட்டுத் தூங்குப்பா' என்பதோடு சரி.

செஸ்டர்க்காரர்களும் திண்ணையைத் தின்றவர்கள்தான். லோயர் பிரிட்ஜ் தெருவில் 1643இல், உள்நாட்டுப் போரின் நடுவே, சர் ரிச்சர்டு குரோவ்னர் என்ற பிரபு தன் வீட்டுக்கு முன்னால் ஓடிய நடைபாதையை அடைத்து வீட்டோடு சேர்த்துக்கொள்ள நகரசபையிடம் அனுமதி வாங்கினார். பின்னாலேயே மற்றவர்களும் அடைத்தார்கள். அந்தத் தெருவில் இன்று தொடர்ச்சியான நடைபாதை கிடையாது. கல் சுவருக்குள் மூழ்கிப்போன தூண்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குக் குரோவ்னர் மேல் வந்த கோபம் உண்மையில் பெரியப்பா மேல் வந்தது. அவரும் எங்கள் வீட்டுத் திண்ணையை இரும்புக் கிரில் போட்டு அடைத்து, ஷட்டர் வைத்து, ஜெராக்ஸ் கடைக்கு வாடகைக்கு விட்டார். பிரபு அனுமதியாவது கேட்டார். பெரியப்பா தாத்தாவிடம்கூடக் கேட்கவில்லை. தாத்தா அதன் பிறகு கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வாசலில் யார் போகிறார்கள் என்று ஒவ்வொருவரையாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.

பெரியப்பாவை வாய்விட்டுத் திட்டவும் வழியில்லை. அந்த ஜெராக்ஸ் கடை வாடகைதான் நான்கு வருஷம் என் கல்லூரிக் கட்டணம்.