கோத்தகிரி டைரி: பெல்ஜியத்துல ரெண்டாவது சைக்கிள் ரேஸ் சீசனுக்கு முன்னாடி

மே 11

பெல்ஜியம் போய் சைக்கிள் ரேஸ் ஓட்ட விசா வந்துடுச்சு. 90 நாள். கவரைப் பிரிச்சதும் அம்மா பாஸ்போர்ட்டை வாங்கி சாமி படத்துக்கு முன்னாடி வச்சுட்டாங்க, நான் போய் காலண்டரைத் திருப்பிட்டு நின்னேன். ஜூன் 24 ஃபிளைட். ஆறு வாரம் இருக்கு.

போன வருஷமும் இதே ஆறு வாரம்தான் இருந்துச்சு. முக்கால்வாசி நாள் மலை ஏறியே தீத்தேன், கோத்தகிரி டு ஊட்டி, கல்லட்டில இறங்கி மறுபடி அந்த 36 கொண்டை ஊசி வளைவையும் ஏறி மேல வர்றது, இதுதான் பயிற்சின்னு நம்புனேன். பெல்ஜியத்துல முதல் ரேஸ்ல பதினெட்டாவது கிலோமீட்டர்லயே கூட்டத்துல இருந்து கழண்டுட்டேன். மொத்தம் 14 ரேஸ்ல கலந்துக்கிட்டேன், முடிச்சது ரெண்டே ரெண்டு. இந்தத் தடவை என்ன மாத்தப் போறேன்னு தினமும் எழுதி வச்சா எனக்கும் தெளிவா இருக்கும், நம்ம மலைல இருந்து வேற பசங்க யாராவது போகணும்னு நெனச்சா அவங்களுக்கும் உதவும்.

மே 14

வேலை பாக்குற டீ ஃபேக்டரில லீவு கேட்டேன். மூணு மாசம், சம்பளம் இல்லாம. இப்பதான் கோடை மழைக்கு இலை வரத்து கூடியிருக்கு, எடை போடுற இடத்துல ஆளே பத்தல, மேனேஜர் ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு, அப்புறம் "போய்ட்டு வா, ஆனா திரும்பி வந்துடணும்"னாரு. அவ்வளவு போதும்.

எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு. "அங்க மலையே கிடையாதாமே, மலைல ஓட்டுற உனக்கு அது தூசு இல்லையா?" நியாயமான கேள்விதான். பெல்ஜியத்தோட உச்சியே 694 மீட்டர், நம்ம கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800. அங்க நடக்குற பெரிய ரேஸ் டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ், அதுல பேர் போன பேட்டர்பெர்க் மேடு மொத்தமே 360 மீட்டர் நீளம்தான், ஆனா கல்லு பதிச்ச ரோடு, செங்குத்தான இடத்துல 20 சதவீதம் ஏத்தம். நான் ஓட்டுறது அந்த மாதிரி பெரிய ரேஸும் இல்ல. கெர்மிஸ்னு சொல்லுவாங்க, ஊர்த் திருவிழா ரேஸ். மத்தியானம் மூணு மணிக்கு ஆரம்பிக்கும், ஊரைச் சுத்தி ஒரு எட்டு கிலோமீட்டர் சுத்து, அதையே 14 தடவை. மேடே இல்லாத ஊர்தான் நிறைய.

கஷ்டம் திருப்பத்துல இருக்கு. ஒரு சுத்துக்கு ஆறு திருப்பம்னு வச்சுக்குங்க, மொத்தம் 84. முன்னாடி இருக்குற பத்து பேரு வேகம் குறையாம திரும்பிடுவாங்க. அவங்களுக்குப் பின்னாடி இருக்குறவன் லேசா பிரேக் புடிப்பான், அவனுக்குப் பின்னாடி இருக்குறவன் இன்னும் கொஞ்சம், இப்படியே போய் நூறாவது ஆளு கிட்டத்தட்ட நின்னே போயிடுவான், அதுக்குள்ள முன்னாடி 50 கிலோமீட்டர் வேகத்துல போயிட்டு இருப்பாங்க, அந்த இடைவெளியை எந்திரிச்சு மிதிச்சுத்தான் மூடணும். ரப்பர் பேண்டை இழுத்து விடுற மாதிரி. 84 தடவை. போன வருஷம் நான் எப்பவும் அந்த நூறாவது ஆளாத்தான் இருந்தேன், வீட்டுக்கு வந்ததும் கால்ல பலம் பத்தலன்னு நெனச்சேன், கால் நல்லாத்தான் இருந்துச்சு, நின்ன இடம்தான் தப்பு.

மே 18

சீசன் கூட்டம். வண்டிங்க எல்லாம் குன்னூர் வழியா ஏறி நம்ம கோத்தகிரி வழியா இறங்குது, மலர்க் கண்காட்சி முடியுற வரைக்கும் பகல்ல இந்த ரோட்டுல சைக்கிளை எடுக்கவே முடியாது. காலைல அஞ்சு மணிக்கு மைதானத்துக்குப் போயிட்டேன். வெளிச்சம் சரியா வரல, பனி வேற. நாலு மூலைக்கும் செங்கல் வச்சு ஒரு சதுரம் போட்டுட்டு சுத்த ஆரம்பிச்சேன்.

அஞ்சாறு சுத்து சுத்துனதும் ஒண்ணு புரிஞ்சுது, சின்ன வயசுல இருந்து காட் ரோட்டுல இறங்கி இறங்கி எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கிச்சு. வளைவுக்குள்ள போன பிறகும் ரெண்டு விரல் பிரேக் மேலயே இருக்கு, லேசா தேச்சுக்கிட்டே திரும்புறேன். இங்க அது உயிரைக் காப்பாத்துன பழக்கம், மழையில நனைஞ்ச ரோட்டுல எதிர்ல பஸ் வந்தா வேற வழி இல்ல. அங்க ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒரு சைக்கிள் நீளம் இடம் போகுது. அதனால இன்னைக்கு முழுக்க ஒரே வேலை: திருப்பத்துக்கு முன்னாடியே பிரேக்கை முடிச்சுக்கணும், வெளிப்பக்க பெடலைக் கீழ இறக்கி அதுல எடையைப் போடணும், உள்பக்கக் கையால ஹேண்டில்பாரை லேசா அமுக்கணும், கண்ணு செங்கல் மேல போகாம வெளிய வர்ற இடத்தைப் பாக்கணும், விரலை எடுத்துடணும். விரலை எடுக்குறதுதான் கஷ்டம், மனசு எடுன்னு சொன்னாலும் கை கேக்கல. நாப்பது சுத்துக்கு அப்புறம் ஒரு அஞ்சு தடவை சுத்தமா வந்துச்சு. டயர் மண்ணுல கீச்சுன்னு ஒரு சத்தம் போட்டுட்டு தானா வெளிய தள்ளுச்சு, அந்த உணர்வை மறக்கக் கூடாது.

மே 23

நாலரைக்குக் கெளம்பி மேட்டுப்பாளையம் இறங்குனேன், 33 கிலோமீட்டர். அரவேணு தாண்டி ஒரு வளைவுல காட்டுமாடு நிக்குது, ஆம்பளை மாடு, லைட் பட்டும் நகரல. நானும் நின்னுட்டேன். ஒரு பத்து நிமிஷம் இருக்கும், அது மூச்சு விடுற சத்தம் கேக்குற தூரம். அப்புறம் டீ எஸ்டேட் பக்கம் இறங்கிப் போச்சு.

கீழ அன்னூர் ரோட்டுல நண்பன் ஸ்கூட்டர் ஓட்ட, அதுக்குப் பின்னாடி அரை மீட்டர்ல ஒட்டிக்கிட்டு 40 நிமிஷம். இன்னொருத்தன் வீலுக்குப் பின்னாடி போனா காத்து மிச்சம், சக்தில மூணுல ஒரு பங்கு வரைக்கும் மிஞ்சும்னு சொல்லுவாங்க. ஆனா அவ்வளவு பக்கத்துல போக மனசு பழகணும். தனியா மலை ஏறுறவனுக்கு அந்தப் பழக்கம் வரவே வராது, நம்ம ஊர்ல ஓட்டுறதே ரெண்டு மூணு பேரு. இன்னைக்கு 52 வரைக்கும் போச்சு.

திரும்பி ஏறல. ராத்திரி கேரட் ஏத்திட்டு மண்டிக்கு இறங்குற பிக்கப் ஒண்ணு காலைல காலியா மேல போகும், அந்த டிரைவர் அண்ணனை முன்னாடியே புடிச்சு வச்சிருந்தேன். பின்னாடி ஈர மண் வாசனையோட சாக்கு மேல படுத்துட்டே வந்தேன். மேல ஏறாம வந்தது மனசுக்குக் குறுகுறுன்னு இருந்துச்சு, இருந்தாலும் இந்த வருஷம் ஏத்தத்துக்கு வாரத்துல ஒரு நாள்தான்னு முடிவு பண்ணியாச்சு.

மே 31

மூணு நாளா மழை. நேத்து குஞ்சப்பனைக்கு மேல ஒரு வளைவுல சேறு வழிஞ்சு கெடந்துச்சு, முன் வீல் போயிடுச்சு. இடது உள்ளங்கையும் முழங்கையும் தோல் உரிஞ்சிருக்கு, எலும்புக்கு ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கியர் தொங்குற ஹேங்கர் வளைஞ்சுடுச்சு, கோயம்புத்தூர்ல சொல்லி வச்சிருக்கேன். கட்டு போட்ட கையோட, வீட்டுக்குள்ள சைக்கிளை மாட்டி மிதிக்கிற டிரெய்னர்ல ஒரு மணி நேரம்.

ஜூன் 7

உடுமலை சித்தி வீடு. நாலு நாளா இங்கதான் இருக்கேன், காத்துக்காக வந்தேன். பாலக்காட்டுக் கணவாய் வழியா தென்மேற்குப் பருவக் காத்து இந்தப் பக்கம் கொட்டுது, கரண்ட் எடுக்குற காத்தாடி எல்லாம் ராப்பகலா சுத்துது. உடுமலைல இருந்து பல்லடம் போற ரோடு நேரா வடக்க போறதால காத்து முழுசா பக்கவாட்டுல அடிக்கும். பெல்ஜியத்துல ஃபிளாண்டர்ஸ் பக்கம் வயலுக்கு நடுவுல அடிக்கிற காத்துக்கு நம்ம பக்கத்துல இதை விட்டா வேற இடம் கிடையாது.

கோயம்புத்தூர்ல இருந்து மூணு பசங்க வந்தாங்க. காலைல ஆறுக்குள்ள, வண்டி இல்லாத கிளை ரோட்டுல, நாலு பேரும் சாய்வா படிக்கட்டு மாதிரி நின்னு ஓட்டிப் பாத்தோம். காத்து இடது பக்கம் இருந்து வந்தா முன்னாடி போறவன் இடது ஓரத்துல, அடுத்தவன் அவனுக்கு வலது பின்னாடி, அப்படியே சாய்ஞ்சு போகணும். ரோட்டு அகலத்துக்கு எத்தனை பேரு நிக்க முடியுமோ அத்தனை பேருக்குத்தான் மறைவு. அதுக்கு அடுத்தவன் ரோட்டு ஓரக் கோட்டு மேல தனியா காத்தை வாங்கிக்கிட்டு தொங்கணும். போன ஜூலைல அந்தக் கோட்டு மேல எத்தனை மணி நேரம் தொங்கியிருப்பேன்னு எனக்குத்தான் தெரியும். அப்ப அது விதின்னு நெனச்சேன், காத்து திரும்பப் போற இடத்துக்கு முன்னாடியே தோளை நுழைச்சு இடம் புடிக்கணும்னு எனக்கு யாரும் சொல்லல. இன்னைக்கு மாத்தி மாத்தி ஒருத்தனை வெளிய தள்ளி விளையாடுனோம். என்னை ரெண்டு தடவைதான் தள்ள முடிஞ்சுது.

ஜூன் 12

பாட்டிகிட்ட ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தேன். அங்க சர்ச் திருவிழாவுக்கு சைக்கிள் ரேஸ் வைப்பாங்கன்னு சொன்னதும், "மூணு நாள் கீழ எறங்காம ஓட்டுவானே, அந்த மாதிரியா"ன்னு கேட்டாங்க. மைதானத்துல குழாய் கட்டி பாட்டு போட்டு, சைக்கிள்லயே குளிச்சு சாப்பிட்டு சுத்துவாங்க இல்ல, அது. இல்ல பாட்டி, இது ரெண்டரை மணி நேரத்துல முடிஞ்சுடும்னேன். பேர் பதியுறது ஊர் டீக்கடை மாதிரி ஒரு கடைல, ஓட்டி முடிச்சு நம்பர் துணியைத் திருப்பிக் குடுத்தா டெபாசிட் காசைக் கையில குடுப்பாங்க, முதல் இருபது முப்பது பேருக்கும் சின்னச் சின்னத் தொகை உண்டுன்னு எல்லாம் சொன்னேன். முழுசா கேட்டாங்க.

பாட்டி இலங்கைல ஹட்டன் பக்கம் டீ தோட்டத்துல பொறந்தவங்க. 1964ல இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்கு அப்புறம் தலைமன்னார்ல கப்பல் ஏறி, ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாம்ல இருந்து இங்க டேன்டீங்குற அரசு டீ தோட்டத்துக்கு வந்தவங்க. வேற நாடுன்னா என்னன்னு வீட்ல என்னைத் தவிர அவங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். பேச்சு முடிய ஒண்ணு கேட்டாங்க: "ஓட்டும்போது தண்ணி குடுக்க ஆள் இருக்காய்யா?"

போன வருஷம் இல்ல. ரெண்டு பாட்டிலோட 112 கிலோமீட்டர், அந்த ஊர் பசங்களுக்கு அவங்க அப்பா, அக்கா, காதலி யாராவது ஓரத்துல பாட்டிலை நீட்டிக்கிட்டு நிப்பாங்க. நான் யாருகிட்டயும் கேக்கல, கூச்சம். இன்னைக்கு ராத்திரியே பெல்ஜியத்துல நான் தங்கப் போற வீட்ல இருக்குற பசங்களுக்கு மெசேஜ் போட்டேன், யாருக்கு அன்னைக்கு ரேஸ் இல்லையோ அவன் மத்தவங்களுக்கு பாட்டில் நீட்டணும்னு. பத்து நிமிஷத்துல மூணு பேரும் சரின்னுட்டாங்க. ஒரு வருஷமா கேக்காம இருந்திருக்கேன்.

ஜூன் 18

பயிற்சியைக் குறைச்சாச்சு. லைசென்ஸ், வெளிநாட்டுல ஓட்ட அனுமதிக் கடிதம், இன்சூரன்ஸ் எல்லாம் ஒரே ஃபைல்ல. அம்மா சீட்டு எடுத்த பணத்தை இன்னைக்குக் கையில குடுத்தாங்க, எண்ணி வாங்க மனசு வரல. மைதானத்துல செங்கல்லைச் சுத்தி அரை மணி நேரம் மட்டும். விரல் இப்ப தானா எந்திரிக்குது.

ஜூன் 23

சைக்கிளைப் பிரிச்சேன். சீட் போஸ்ட்ல உயரம் இருந்த இடத்துல இன்சுலேஷன் டேப் ஒரு சுத்து, அதுக்கு அப்புறம்தான் கழட்டுனேன், போன தடவை இதை மறந்து ரெண்டு வாரம் முட்டி வலி. இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம், அவசரத்துல இறுக்கிடாம பொறுமையா. பின் கியரைக் கழட்டி பழைய பனியன்ல சுத்தி ஃபிரேமோட கட்டினேன், புது ஹேங்கர் ஒண்ணு கூடுதலா. அட்டைப்பெட்டி 21 கிலோ வந்துச்சு, 23க்குள்ள இருக்கணும், அதனால இட்லிப் பொடி டப்பாவும் அதுக்குள்ளயே போயிடுச்சு.

பாட்டி ரெண்டு பாட்டிலையும் வெந்நீர் ஊத்திக் கழுவி, கவுத்து வச்சு, துடைச்சுக் குடுத்தாங்க.

மணி ரெண்டு. கேரட் பிக்கப் வாசல்ல வந்து நின்னுடுச்சு, கோயம்புத்தூர் வரைக்கும் அண்ணனே கொண்டு விடுறேன்னுட்டாரு, அங்க இருந்து கொச்சிக்கு பஸ். மூட்டைங்க மேல பெட்டியைப் படுக்க வச்சு தார்ப்பாய் இழுத்துக் கட்டுறாரு. மழை தூறுது. அம்மா டார்ச் அடிச்சுட்டு நிக்கிறாங்க. கெளம்புறேன், முதல் ரேஸ் முடிஞ்சதும் எழுதுறேன்.