நாலு மணி நேரத்துக்கு மட்டும்

முதல் தடவை என் ரத்தம் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் ஓடுவதைப் பார்த்தபோது எனக்கு ஜெபமே வரவில்லை. வேதாகமத்தைக் கையோடு கொண்டுபோய்த் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன், திறக்கவேயில்லை. 4 மணி நேரமும் கூரையில் இருந்த விளக்குகளை எண்ணிக்கொண்டு கிடந்தேன். 14 விளக்கு. அது நடந்து 6 வருடம் ஆகிறது. இப்போதும் 14தான், அதில் இரண்டு எரிவதில்லை.

இதை எழுதச் சொன்னது என் வீட்டுக்காரர். சிறுநீரகம் கெட்டுப்போய், மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற டயாலிசிஸைப் புதிதாக ஆரம்பிக்கிற விசுவாசிகள் யாராவது படித்தால் பிரயோஜனமாக இருக்குமே என்றார். சாட்சி என்றால் கடைசியில் சுகமாகிவிட வேண்டும் என்று ஒரு எதிர்பார்ப்பு இருக்கிறது இல்லையா, அதனால்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். நான் இன்னும் சுகமாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆரம்பத்தில் கால் வீக்கமும் ஓயாத களைப்பும்தான். வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். ரத்த அழுத்தம் ஏறியிருந்தது, அதையும் கவலையின் மேல் போட்டாயிற்று. பரிசோதனை செய்தபோது கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் எகிறியிருந்தது, சிறுநீரகம் இரண்டும் பெரும்பாலும் போய்விட்டன என்றார்கள். இரண்டே வாரத்தில் கழுத்தில் கத்தீட்டர் என்ற ஒரு குழாய் வைத்து டயாலிசிஸ் தொடங்கிவிட்டது. அப்புறம் கையில் ஃபிஸ்துலா ஆபரேஷன். ஒரு தமனியையும் ஒரு சிரையையும் இணைத்துத் தைத்துவிடுவார்கள், தமனியின் வேகம் சிரைக்குள் பாய்ந்து அது கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்துத் தடிக்கும், அதற்குப் பிறகுதான் அதில் ஊசி போட முடியும். இதற்கே வாரக்கணக்கில் ஆகும். எனக்கு 9 வாரம் ஆனது. தினமும் காலையில் எழுந்ததும் மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்ப்பேன். உள்ளே ரீங்காரம் மாதிரி ஒரு அதிர்வு ஓடும், மடியில் படுத்த பூனை உறுமுமே, அந்த மாதிரி. அது இருந்தால் ஃபிஸ்துலா உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இன்று வரைக்கும் கண் விழித்ததும் நான் செய்கிற முதல் வேலை அதுதான், ஜெபம் இரண்டாவது. ஆண்டவர் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார் என்று நினைக்கிறேன்.

முதல் வருடம் முழுக்க அற்புதத்துக்குக் காத்திருந்தேன். சபையில் எனக்காக உபவாச ஜெபம் வைத்தார்கள், கைகளை வைத்து ஜெபித்தார்கள், நானும் ஒவ்வொரு மாதமும் ரத்தப் பரிசோதனை முடிவைத் தேர்வு முடிவு மாதிரி நடுங்கிக்கொண்டு பிரிப்பேன். ஒன்றும் மாறியிருக்காது. அப்போது ஒரு சகோதரர் வீட்டுக்கு வந்து, மெஷினுக்குப் போவதே அவிசுவாசம், நிறுத்திவிட்டு ஆண்டவரை நம்புங்கள் என்றார். நல்ல மனிதர்தான், என் மேல் உள்ள பாரத்தில்தான் சொன்னார். ஆனால் இதைப் படிக்கிற யாரும் அந்தப் பேச்சைக் கேட்டுவிடாதீர்கள். சிறுநீரகம் முழுதாக நின்றுபோன ஒருவர் டயாலிசிஸை நிறுத்தினால் பெரும்பாலும் சில நாட்கள், அதிகம் போனால் சில வாரங்கள், அவ்வளவுதான். தேவாலயத்தின் உப்பரிகையில் நின்று தாழக் குதியும் என்று இயேசுவிடம் சொன்னது யார் என்று மத்தேயு 4ல் இருக்கிறது, பிசாசு. இயேசு குதிக்கவில்லை. அந்தச் சகோதரரிடம் இதைச் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை, அவர் போனபிறகு அழுதேன், அடுத்த நாள் வழக்கம்போல மெஷினுக்குப் போனேன்.

இரண்டாம் வருடம்தான் உண்மையான அடி. என் தம்பி சிறுநீரகம் தர முன்வந்தான். அவனாகவே, நான் கேட்காமல். ரத்த வகை ஒத்துப்போனது, மற்ற பரிசோதனைகளும் ஒவ்வொன்றாகத் தாண்டின, நானும் மனதுக்குள் நாள் குறித்துவிட்டேன். கடைசியில் கிராஸ்மேட்ச். அவனுடைய செல்களை என் ரத்தம் எதிர்த்தது. குழந்தை பெற்ற பெண்களுக்கும் ரத்தம் ஏற்றியவர்களுக்கும் உடம்பில் இப்படி எதிர்ப்பொருள் உருவாகியிருக்க வாய்ப்புண்டு என்று டாக்டர் விளக்கினார். நான் இரண்டு பிள்ளை பெற்றவள், இரண்டாவது பிரசவத்தில் ரத்தமும் ஏற்றியிருந்தார்கள். எதற்காக எல்லாரும் ஆண்டவரை ஸ்தோத்தரித்தோமோ அந்தப் பிள்ளைகளே இப்போது குறுக்கே நிற்கிற மாதிரி ஒரு கசப்பு, எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

அன்று இரவு வீட்டுக்காரர் ஜெபிக்கலாம் வா என்று கூப்பிட்டார். "நீங்க பண்ணுங்க, எனக்கு அவர்கூடப் பேச ஒண்ணும் இல்ல" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தனியாக முழங்காலில் நின்றார். ஏறக்குறைய 3 மாதம் இப்படியே போனது. ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவேன், பாட்டுக்கு வாய் அசையும், அவ்வளவுதான். அந்த நாட்களில் என் விசுவாசம் என்பது என்னைத் தூக்கி உட்கார வைத்து சபைக்குக் கூட்டிப்போன அவருடைய விசுவாசம்தான், வேறு எதுவும் என்னிடம் இருந்ததாக நான் சொல்லிக்கொள்ளமாட்டேன்.

திரும்பி வந்தது எப்படி என்று கேட்டால், சொல்லும்படியான ஒரு நாள் கிடையாது. மெஷினில் கிடக்கும்போது போனில் பார்க்க ஒன்றும் இல்லாமல் போர் அடித்து சங்கீதம் படிக்க ஆரம்பித்தேன், அதுதான் நிஜம். வாரத்துக்கு 3 தடவை மெஷின், ஒரு தடவைக்கு 3 சங்கீதம் என்று கணக்கு. 50 தடவையில் 150ம் முடிந்துவிடும், 4 மாதத்தில் ஒரு சுற்று. ஆலயத்தில் நாம் பாடுவதெல்லாம் துதி என்பதால் சங்கீதம் என்றாலே துதி என்று நினைத்திருந்தேன். வரிசையாகப் படித்தால்தான் தெரிகிறது, அதில் மூன்றில் ஒரு பங்காவது அழுகையும் முறையீடும். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. நான் 3 மாதம் வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் சொன்னதை இவர்கள் சத்தமாக, அதுவும் ஆராதனையில் சொல்லியிருக்கிறார்கள். 88ஆம் சங்கீதம் இன்னும் மோசம். மற்றவற்றில் பெரும்பாலும் கடைசியில் ஒரு திருப்பம் வரும், ஆனாலும் நம்புவேன் என்று முடியும். இதில் அது கிடையாது, சிநேகிதர்களும் தெரிந்தவர்களும் தூரமாய்ப் போய்விட்டார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. ஏமான் என்பவருடைய பாட்டு என்று தலைப்பில் இருக்கிறது. ஆனால் அவரும் புலம்பலையெல்லாம் கர்த்தரிடம்தானே சொல்கிறார், முதுகைத் திருப்பிக்கொண்டு வேறு யாரிடமும் போய்ச் சொல்லவில்லையே என்று ஒரு நாள் தோன்றியது. அன்றைக்கு நானும் பேசினேன். அது மரியாதையான பேச்சு இல்லை.

யோபு விஷயமும் அப்படித்தான். பொறுமைக்கு யோபு என்று சின்ன வயதிலிருந்து கேட்டு, வாயே திறக்காத ஒருவரை மனதில் வைத்திருந்தேன். 3ஆம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறார் மனிதர். யாக்கோபு 5ல் பயிரின் பலனுக்காகக் காத்திருக்கிறவனைச் சொல்லும்போது நீடிய பொறுமை என்றும், யோபுவைச் சொல்லும்போது வெறும் பொறுமை என்றும் வருகிறது. கிரேக்கத்தில் இரண்டும் வேறு வேறு சொல் என்று எங்கள் போதகர் சொன்னார். யோபுவுக்கு உள்ள சொல் ஹுப்பொமோனே, பிரித்தால் கீழே தங்கியிருப்பது என்று வருமாம், பாரத்தை விட்டு நழுவி ஓடாமல் அதன் அடியிலேயே இருப்பது. எனக்கு அது சட்டென்று பிடித்தது, ஏனென்றால் என் கதையும் அதுதானே, இரண்டு ஊசியால் கட்டிலோடு கட்டிப்போட்டிருக்கிறது, எங்கே ஓடுவது.

மெஷினைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இதைப் படித்த பிறகுதான் அதன் மேல் இருந்த வெறுப்பு எனக்குக் குறைந்தது. நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர் 1943ல், யுத்தத்தின் நடுவில், ஜெர்மானியர் பிடியில் நாடு இருந்தபோது, செயற்கை சாசேஜ் உறையாகப் பயன்படுகிற செல்லோஃபேன் குழாயைச் சுற்றி முதல் மெஷினைச் செய்தார். நோயாளிகள் ஒருவர் பின் ஒருவராக இறந்துகொண்டே இருந்தார்கள். 1945ல்தான் 67 வயதான ஒரு பெண்மணி, நினைவில்லாமல் கிடந்தவர், 11 மணி நேரம் மெஷினில் இருந்து கண் விழித்தார். அதற்கப்புறமும், ஒவ்வொரு தடவையும் ரத்தக்குழாயைப் புதிதாக வெட்ட வேண்டியிருந்ததால், வருடக்கணக்கில் டயாலிசிஸ் செய்ய வழியில்லை. 1960ல் சியாட்டிலில் ஸ்கிரிப்னர் என்பவர் கையிலேயே நிரந்தரமாக வைக்கிற ஒரு குழாயைக் கண்டுபிடித்தார், என் கையில் இருக்கிற மாதிரியான ஃபிஸ்துலா 1966ல் வந்தது. நான் பிறப்பதற்கு ரொம்ப வருடம் முன்னால் என்று சொல்ல ஆசைதான், அவ்வளவு ஒன்றும் முன்னால் இல்லை.

சரி, மன்னாவுக்கு, அதாவது வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து விழுந்த ஆகாரத்துக்கு, வருகிறேன். எனக்கு உண்மையில் சொல்ல இருப்பது அது ஒன்றுதான்.

ஆண்டவரே பொறுமையைத் தாரும் என்று ஜெபிக்கும்போது நான் மொத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய பீப்பாயில் நிரப்பி வீட்டில் இறக்கிவிட்டால் மிச்ச வாழ்நாளுக்கும் அதிலிருந்து மொண்டுகொள்ளலாம் என்று. யாத்திராகமம் 16ல் மன்னாவை மறுநாளுக்கு எடுத்துவைத்தவர்களுக்கு அது புழுத்து நாறிப்போனது. அன்றன்றைக்குப் பொறுக்க வேண்டும், 40 வருடமும் அப்படியே. டயாலிசிஸும் அதேதான், யோசித்துப் பாருங்கள். இன்று 4 மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்தால் வெளியே வரும்போதே மறுபடி கழிவு சேரத் தொடங்கிவிடும், 8 மணி நேரம் சேர்த்துச் செய்துவிட்டு அடுத்த வாரம் லீவு போட முடியாது. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்பதை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன், 'இன்று' என்ற வார்த்தை அங்கே இருப்பதை ஊசி குத்தின பிறகுதான் கவனித்தேன். அதிலிருந்து இன்னும் எத்தனை வருடம் என்று கேட்பதை விட்டுவிட்டு, இந்த 4 மணி நேரத்துக்கு மட்டும் என்று ஜெபிக்க ஆரம்பித்தேன். கேட்ட அளவுக்குக் கிடைத்திருக்கிறது. சில நாள் மெஷின் உடம்பிலிருந்து தண்ணீரை அதிகமாக இழுத்துக் காலில் தசை இறுகிப் பிடித்துக் கத்தும்போது 4 மணி நேரமும் பெரிசு, 10 நிமிடத்துக்குத் தாரும் என்பேன்.

ஒரு வித்தியாசம் உண்டு. இஸ்ரவேலருக்கு ஆறாம் நாளில் இரண்டு பங்கு விழுந்தது. எனக்கு திங்கள், புதன், வெள்ளி என்பதால் வார இறுதியில் இரண்டு நாள் இடைவெளி, கூடுதல் பங்கு எதுவும் கிடையாது. அந்த இடைவெளிதான் எங்களுக்கு ஆபத்தானது, தண்ணீரும் பொட்டாசியமும் ஏறும். ஞாயிற்றுக்கிழமை சபையில் நான் உட்கார்ந்தே பாடுவதற்குக் காரணம் அதுதான், பக்திக்குறைவு இல்லை. ஒரு நாளைக்கு எனக்கு ஒரு லிட்டர் கணக்கு, மாத்திரைக்குக் குடிக்கும் தண்ணீரும் அதில் சேர்த்தி. ஒரு தடவை இராப்போஜனத்தில் அந்தச் சின்னக் கிண்ணத்தைக் கையில் வாங்கியதும் இது எத்தனை மில்லி இருக்கும் என்று மனம் கணக்குப் போட்டது. 10 என்று எழுதிக்கொண்டேன். அந்த 10 மில்லியைப் போல ருசியாக நான் எதையும் குடித்ததில்லை.

தம்பிக்குப் பிறகு வேறு யாரும் பொருந்தவில்லை. காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருக்கிறது. போன் அடித்தால் முன்பெல்லாம் நெஞ்சு அடித்துக்கொள்ளும், இப்போது பாதி நேரம் பையன் எடுக்கிறான்.

போன மாதம் பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பையன் வந்தான், 24 வயது இருக்கும். கழுத்தில் கத்தீட்டர், கண்ணில் அந்த முதல் வாரப் பார்வை. "அக்கா, நீங்க எத்தனை நாளா வர்றீங்க?" என்று கேட்டான். யோசிக்காமல் 6 வருஷம் என்றேன். முகம் வெளுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். நாக்கைக் கடித்துக்கொண்டேன். இவ்வளவு எழுதுகிறேனே, அந்த நேரத்தில் மன்னாவும் ஞாபகம் வரவில்லை, ஒன்றும் வரவில்லை.

புதன்கிழமை அவனே பேச்சுக் கொடுத்தான். "என்ன படிக்கிறீங்க?"

அன்றைய கணக்குக்கு 88 வந்திருந்தது. வேறு ஏதாவது பக்கத்தைப் புரட்டலாமா என்று ஒரு கணம் கை தயங்கியது. "கேக்கிறியா?" என்றேன். தலையாட்டினான். மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே 18 வசனமும் படித்தேன்.

நான் நிறுத்தியதும் இன்னும் வரும் என்று காத்திருந்தான். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் தம்பி."

"இதெல்லாம் பைபிள்ல இருக்கா?" என்றான். அதற்குள் அவன் மெஷின் அலாரம் அடித்தது, குழாய் எங்கோ மடங்கியிருக்கிறது. நர்ஸ் ஓடி வந்து சரிசெய்கிற வரைக்கும் அசையாமல் இருந்துவிட்டு, என் பக்கம் திரும்பிப் படுத்தான். "இன்னொரு தடவை படிங்க அக்கா."