முன்னறை ஜன்னலை நாங்கள் ஏன் தூக்கிப் போடவில்லை

சிகாகோவில் நாங்கள் இருப்பது 1920களில் கட்டிய செங்கல் பங்களா. பெயர்தான் பங்களா, சாதாரணக் குடும்ப வீடுதான். இந்த ஊரில் இதே வகை வீடுகள் ஏறக்குறைய 80,000 இருக்கின்றன. முன்னறையில் தெருவைப் பார்த்து வரிசையாக ஜன்னல்கள். எல்லாம் ஈயப் பட்டையில் கோத்த கண்ணாடி. நடுவில் நிறமில்லாத சில்லுகள். ஓரங்களில் மட்டும் கொஞ்சம் தேன் நிறம், கொஞ்சம் பச்சை.

"இதைத் தூக்கிப் போட்டுவிட்டு இரட்டைக் கண்ணாடி மாட்டுங்கள், குளிர் வராது" என்றார் விலை சொல்ல வந்த கான்ட்ராக்டர். முடியாது என்றுவிட்டேன்.

இந்தக் கண்ணாடியின் அருமை தெரிய வேண்டுமென்றால் இதே ஊரின் ஹைட் பார்க் பகுதியில் இருக்கும் ரோபி வீட்டுக்குப் போக வேண்டும். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்து 1910இல் முடிந்த வீடு. ஜன்னலும் கதவுமாக 174 கண்ணாடிகள். தேவாலயக் கண்ணாடி போல அதில் உருவமோ கதையோ கிடையாது. வெறும் நேர்கோடுகள், சாய்கோடுகள், நடுநடுவே சின்னச் சின்ன நிறத் துண்டுகள். பகலில் உள்ளே இருப்பவருக்குத் தெருவும் மரமும் நன்றாகத் தெரியும். வெளியே போகிறவர் கண்ணில் அந்தக் கோலம்தான் படும். திரைச்சீலையே வேண்டாம். ரைட் இவற்றை ஒளித்திரைகள் என்றுதான் சொன்னார்.

அவர் ஈயத்தோடு நிற்கவில்லை, துத்தநாகப் பட்டையையும் பயன்படுத்தினார். ஈயம் மெத்தென்று வளையும். நீளமான நேர்கோடு போட்டால் தொய்ந்துவிடும். துத்தநாகம் விறைப்பாக நிற்கும். அந்த நீண்ட கோடுகளுக்குக் காரணம் இதுதான். அவரும் அவர் கூட்டாளிகளும் பணக்காரர்களுக்குச் செய்ததைப் பார்த்து, சாதாரண பில்டர்கள் எங்களுடையதைப் போன்ற வீடுகளுக்கும் எளிய வடிவில் கொண்டுவந்தார்கள்.

சரி, எங்கள் ஜன்னலுக்கு வருவோம். கண்ணாடிக்கு வயதாகாது, ஈயத்துக்குத்தான் ஆகும். வெயிலில் விரிந்து, பனியில் சுருங்கி, நடுவில் வயிறு தள்ளியிருந்தது. கண்ணாடிக்கும் பட்டைக்கும் நடுவே அடைக்கும் பசையான புட்டி காய்ந்து உதிர்ந்ததால், விரலால் லேசாகத் தட்டினாலே சில்லுகள் கடகடவென்று ஆடின. பழுது பார்ப்பவர் முதலில் அதை மேசையில் படுக்க வைத்தார். மேலே காகிதம் விரித்து, பென்சிலால் தேய்த்து, கோடு முழுவதையும் படி எடுத்தார். அப்புறம்தான் ஒவ்வொரு சில்லாகப் பிரித்துக் கழுவினார். அந்தப் படியின் மேலேயே புது ஈயத்தில் கோத்து, மூட்டுகளைப் பற்றவைத்து, பிரஷ்ஷால் பட்டைக்கு அடியில் புட்டியைத் திணித்தார். அதே கண்ணாடி, அதே இடம்.

குளிருக்கு, வெளிப்பக்கம் தனியாக ஒரு ஸ்டார்ம் விண்டோ, அதாவது குளிர்காற்றைத் தடுக்கும் கூடுதல் கண்ணாடி ஜன்னல், மாட்டினோம். அடியில் காற்றுப் போக ஓட்டை விடச் சொல்லுங்கள். இல்லையென்றால் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே சூடு தேங்கி ஈயம் மறுபடி தளர்ந்துவிடும். இன்னொன்று, ஈயத்தை நீங்களே சுரண்டாதீர்கள். அந்தத் தூள் குழந்தைகளுக்கு விஷம்.