துண்டு இல்லாமல் ரோல்-அப் வந்துவிட்டது

வந்தேவிட்டது. துண்டும் இல்லை, குதிகாலும் கிளம்பவில்லை, நேற்று விடியக்காலை ரோல்-அப் முழுதாக வந்தது. காலை நீட்டி மல்லாந்து படுத்து, முதுகைச் சுருட்டிக்கொண்டே எழும்பி இருக்கும் பிலாட்டீஸ் பயிற்சி இது. தற்செயலாக வந்ததோ என்று திரும்பப் படுத்து எழும்பிப் பார்த்தேன். மறுபடியும் வந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இந்தப் பயிற்சி முறையை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் 1945 இல் வரிசைப்படுத்திய 34 பாய்ப் பயிற்சிகளில் இது இரண்டாவது. படுத்தபடி நூறு எண்ணும் வரை கையை மேலும் கீழும் அசைக்கும் ஹண்ட்ரட் முடிந்த கையோடு வருகிறது. இரண்டாவதாக நிற்பதால் லேசானது என்று நம்பித் தொடங்கி, ஒரு கிழமையிலேயே பாயைச் சுருட்டி வைப்பவர்கள் உண்டு. அந்த வரிசை மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

சிக்கல் எல்லாம் ஒரே இடத்தில். தலையும் தோளும் எல்லோருக்கும் எழும்பும். தோள்பட்டை எலும்பின் கீழ் நுனி பாயை விட்டு விலகும் இடத்தில் உடம்பு பூட்டிக்கொள்ளும். நாரி வளையாமல் பலகை மாதிரி நின்றால், தொடையை மடக்கும் தசை முந்திக்கொண்டு இழுக்கும். மேலுடம்பு காலைவிடப் பாரம், ஆகவே கால்தான் கிளம்பும். காலின் மேல் அரிசிப் பையை வைத்தால் எழும்பலாம் என்பார்கள். எழும்பலாம்தான், ஆனால் அதே தொடைத் தசைதான் முழு வேலையையும் செய்யும், நாரி விறைத்தபடியே கிடக்கும். அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

எனக்கு வழி கிடைத்தது இறங்குவதில். எழும்புவதை ஒதுக்கி வைத்துவிட்டு, இருந்த நிலையிலிருந்து படுப்பதை மட்டும் பழகினேன். தசை சுருங்கும்போதைவிட நீளும்போது கூடுதல் பாரம் தாங்கும். அதனால் ஏற முடியாதவராலும் இறங்க முடியும். இடுப்பெலும்பைப் பின்னுக்குச் சரித்து, மூச்சை விட்டுக்கொண்டே, நாரியின் அடி எலும்பு முதலில் பாயைத் தொட வேண்டும், பிறகு அதற்கு மேலே உள்ளது. எந்த இடத்தில் தொப்பென்று விழுகிறதோ அங்கே நின்று, சற்று மேலே வந்து, திரும்ப இறங்க வேண்டும். அந்த ஓர் அங்குலத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

துணைக்கு மருதமுனைக் கைத்தறித் துண்டு. ரப்பர் பட்டி இழுபட்டு ஆளையே தூக்கிவிடும், எவ்வளவு உதவி வாங்குகிறோம் என்று தெரியாது. கைத்தறி அப்படி இழுபடாது. துண்டைப் பாதத்தில் மாட்டி, முதலில் கையில் சுற்றிப் பிடித்தேன். பிறகு நாலு விரலால், பிறகு பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில். கடைசியில் துண்டு உள்ளங்கையில் சும்மா கிடந்தது. அதே துண்டை விலாவில் கட்டி மூச்சும் பழகலாம்: இழுக்கும்போது பக்கத்திலும் முதுகிலும் துண்டு இறுக வேண்டும்.

பாய் விஷயம் ஒன்று. மெல்லிய யோகா பாய் சீமெந்து நிலத்துக்கு உதவாது, முள்ளந்தண்டு உறுத்தும். காசும் வீண். நான் பன்பாயின் மேல் போர்வையை நாலாக மடித்துப் போடுகிறேன்.

பலன் தெரிவது கல்லடியில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில். முன்பு வாளியைத் தூக்கினால் நாரி பிடித்துக்கொள்ளும். இப்போது கை வாளியைப் பிடிக்கும்போதே வயிறு தானாக இறுகிவிடுகிறது. திருவலையில் இருந்து தேங்காய் திருவிவிட்டுக் கையூன்றாமல் எழும்புகிறேன். நாள் முழுக்கத் தையல் மெசினில் இருந்தாலும் பின்னேர உளைவு நன்றாகக் குறைந்திருக்கிறது.

அம்மாவுக்கு மட்டும் ரோல்-அப் சொல்லிக்கொடுக்கவில்லை. எலும்பின் அடர்த்தி குறைந்தவர்களுக்கு முதுகை இப்படி முன்வளைப்பது ஆபத்து. அம்மா மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து இடுப்பை உயர்த்தும் ஷோல்டர் பிரிட்ஜ் செய்கிறார், சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குகிறார். அதுவே அவருக்கு நல்லது.

எனக்கு ரோல்-அப்பில் வேகம் இன்னும் சீராகவில்லை, நடுவில் ஒரு வெட்டு இருக்கிறது. அது தீர முன்னரே மனம், காலையும் மேலுடம்பையும் சேர்த்து V வடிவில் தூக்கும் டீசருக்குப் போய்விட்டது. சரி, கால் இரண்டையும் கதிரையில் வைத்துத் தொடங்கலாம் என்று இருக்கிறேன். நாரிக்கு அடியில் வைக்க ஒரு சின்ன மெத்துப் பந்தும் தேவை, 20 சென்ரிமீற்றர் அளவில். வருகிற கிழமை கல்முனைக் கடைகளில் தேடிப் பார்க்க வேண்டும்.