100 பவுண்டு கோப்பைக்கு 117 பவுண்டு பயணம்

டாக்ஸிக்காரர் கதையை முதலில் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் இன்று ராத்திரி தூக்கம் வராது. வட இங்கிலாந்தில் ஒரு கால்பந்து மேட்ச் பார்க்கக் கிளம்பி, பிஷப் ஆக்லாண்ட் ஸ்டேஷனில் இறங்கும்போது மணி 1:50. மேட்ச் நடக்கும் வெஸ்ட் ஆக்லாண்டுக்குப் போகிற பஸ் அப்போதுதான் வாலைக் காட்டிவிட்டுப் போனது. நிறுத்தத்தில் ஒட்டியிருந்த நேர அட்டவணை மழையில் ஊறி ஒரு எழுத்தும் தெரியவில்லை. மூன்று மைல்தானே என்று டாக்ஸிக்கு போன் போட்டேன். 9 பவுண்டு என்றார். இறங்கும்போது 16 கேட்டார். ஏன் என்றால், சனிக்கிழமை ரேட்டாம். போனில் பேசியதும் அதே சனிக்கிழமைதான் ஐயா, அதுவும் பத்து நிமிஷத்துக்கு முன்னால்! வாக்குவாதம் செய்தால் மேட்ச் போய்விடும் என்று எண்ணிக் கொடுத்துவிட்டேன். வயிறு இன்னும் எரிகிறது.

லண்டனிலிருந்து டார்லிங்டன் ரயிலுக்குப் போக வர 71 பவுண்டு, ஒரு மாதம் முன்பே எடுத்தும். அங்கிருந்து பிஷப் ஆக்லாண்டுக்குக் குட்டி ரயில். எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது என்று வரிசையாக எழுதுவதாகப் போன பதிவில் வாக்குக் கொடுத்திருந்தேன். மன்னிக்கவும், அந்த வரிசை இத்தோடு முடிந்தது.

இவ்வளவு காசு கொட்டி டர்ஹம் மாவட்டத்து மூலையில் இருக்கும் ஒரு ஊருக்கு ஏன் போனேன்? வெஸ்ட் ஆக்லாண்ட் டவுன் என்ற கால்பந்து கிளப்புக்காக. ஆடுவது நார்தர்ன் லீகில். 1889-ல் தொடங்கிய அந்த லீக், உலகத்தின் இரண்டாவது பழைய கால்பந்து லீக். ஆனால் பிரீமியர் லீக்கை மொட்டை மாடி என்று வைத்துக்கொண்டால் இவர்கள் அதற்குப் பல தளம் கீழே. முதல் நான்கு டிவிஷன்களில் இருக்கிற 92 கிளப்பைத் தாண்டினால் மற்றதெல்லாம் 'நான்-லீக்'தான். அப்படிப்பட்ட கிளப் ஒன்று இத்தாலியின் பெரிய கிளப்பான யுவென்டஸை 6-1 என்று அடித்திருக்கிறது. எழுத்துப் பிழை இல்லை. ஆறுக்கு ஒன்று.

1909-ல் சர் தாமஸ் லிப்டன் கொடுத்த கோப்பைக்காக இத்தாலியின் டூரின் நகரத்தில் ஒரு போட்டி நடந்தது. ஆமாம், டீத்தூள் லிப்டனேதான். இத்தாலி, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து அணிகள் வந்தன. இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் அணி அனுப்ப மறுத்துவிட்டது. கடைசியில் போனது இந்த நிலக்கரிச் சுரங்க ஊர் அணி. அரையிறுதியில் ஸ்டுட்கார்ட் அணியை 2-0, இறுதியில் வின்டர்தூரை 2-0 என்று ஜெயித்துக் கோப்பையோடு திரும்பினார்கள். 1911-ல் மறுபடி போனார்கள். சூரிச் 2-0, இறுதியில் யுவென்டஸ் 6-1. இரண்டு முறை ஜெயித்ததால் கோப்பை ஊருக்கே சொந்தமாகிவிட்டது.

'வுல்விச் ஆர்சனல்' (இன்றைய ஆர்சனல்) அணிக்குப் போக வேண்டிய அழைப்பு, W.A. என்ற அதே இரண்டு முதலெழுத்துகளால் தவறிப்போய் இவர்கள் கைக்கு வந்தது என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, நான் நம்பவில்லை. 'முதல் உலகக் கோப்பை' என்று இந்த ஊர் பெருமைப்படுவதையும் முழுசாக ஏற்க முடியவில்லை. முந்தின வருஷமே, 1908-ல், அதே டூரினில் ஒரு சர்வதேசப் போட்டி நடந்து, ஜெனீவாவின் செர்வெட் ஜெயித்திருக்கிறது. ஆனாலும் ஃபிஃபாவின் முதல் கோப்பைக்கு 1930 வரை காத்திருக்க வேண்டியிருந்ததே, அதை நினைத்தால் இவர்கள் பேசுவதில் பாதியையாவது விட்டுக்கொடுக்கலாம்.

என்னை இழுத்தது கோப்பை இல்லை, அதில் இருக்கும் பெயர். எங்கள் குடும்பம் கோத்தகிரிக்கு வந்தது, இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில். அதற்கு முன்னால் அப்புத்தளைப் பக்கம் தம்பேத்தன்ன தோட்டம். 1890-ல் இலங்கைக்கு வந்த லிப்டன் வாங்கிய தோட்டங்களில் அதுவும் ஒன்று. அவர் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்த மலை உச்சிக்கு இன்றும் 'லிப்டன் சீட்' என்றே பெயர். எங்கள் அப்பாயி அங்கே கொழுந்து எடுத்தவர். கிலோ குறைந்தால் 'அரைப்பேர்'தான், அதாவது பாதி நாள் சம்பளம். கோப்பை வாங்கின காசில் அந்தத் தோட்டத்துக் கொழுந்துக்கும் பங்கு இருக்குமே என்ற எண்ணம் வந்ததிலிருந்து இந்த ஊர் மண்டையை விட்டுப் போகவில்லை. இன்னொரு கூத்து: லிப்டனுக்குப் பாய்மரப் படகுப் பந்தயத்தில் பைத்தியம். அமெரிக்கா கோப்பைக்கு ஐந்து முறை மோதி ஐந்து முறையும் தோற்றவர். தனக்குக் கிடைக்காததை ஊருக்கெல்லாம் வாரிக் கொடுத்திருக்கிறார்.

ஊரில் முதலில் கண்ணில் படுவது பச்சைப் புல்வெளி. ஊர் நடுவில் ஒரு சின்னத் திட்டு என்று நினைக்காதீர்கள், நீண்டுகொண்டே போகிறது. அதில் இந்த வெற்றிக்கு ஒரு சிலை. 2013-ல் மான்செஸ்டர் யுனைடெட்டின் பழைய மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசன் வந்து திறந்து வைத்தது. இதே ஊரில் மேரி ஆன் காட்டன் என்ற விஷம் வைக்கும் பெண்மணியும் குடியிருந்திருக்கிறாள். 1873-ல் டர்ஹம் சிறையில் தூக்கு. அவள் இருந்த வீட்டைத் தேடலாமா என்று ஒரு நிமிஷம் சபலம். டாக்ஸிக்காரர் நேரத்தையும் சேர்த்துத் தின்றுவிட்டதால் நேராக மைதானம்.

நுழைவு 8 பவுண்டு. லண்டனில் பெரிய கிளப் மேட்ச் பார்க்க மெம்பர்ஷிப், குலுக்கல், அப்புறம் 70 பவுண்டு என்று அழுதவன் நான். இங்கே 8 பவுண்டுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். கோல்கீப்பர் தன் ஆட்களைத் திட்டுவது காதில் விழும், லைன்ஸ்மேன் ஷூவில் ஒட்டிய சேறு தெரியும். இடைவேளையில் கூட்டம் பையைத் தூக்கிக்கொண்டு எதிர் கோல் பக்கம் நடக்கிறது, நம் அணி எந்தப் பக்கம் அடிக்குமோ அங்கே. நான் 'நம் அணி' என்று எழுதிவிட்டதைக் கவனியுங்கள். இருபதாவது நிமிஷத்தில் ஒட்டிக்கொண்டது.

சாப்பாடு: இறைச்சி பை ஒன்று, கூடவே மசித்த பச்சைப் பட்டாணி. மேல் மாவு மொறுமொறு, உள்ளே மிளகு தூக்கலாகக் குழம்பு கொதிக்கிறது. முதல் வாயில் நாக்கு வெந்துபோனது, இரண்டாவது வாயை நிறுத்த முடியவில்லை. இங்கிலாந்துச் சாப்பாட்டைப் பற்றி இதுவரை நான் எழுதிய அவதூறுகளில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். டீக் கடை ஜன்னலில் "லிப்டன் டீ இருக்கா?" என்று வேண்டுமென்றே கேட்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, "ஐஸ் டீதானே அது, பெட்? எங்ககிட்ட யார்க்‌ஷயர் டீதான்" என்றார். இந்தப் பக்கத்தில் 'பெட்' என்பது நம்ம 'கண்ணு' மாதிரி, யாரையும் கூப்பிடுவார்கள். லிப்டனின் சொந்த நாட்டில், லிப்டன் கோப்பை ஜெயித்த ஊரில், லிப்டன் டீ கிடையாது! பேப்பர் கப்பில் வந்தது பாலோடு செக்கச்செவேல் என்று இருந்தது. அப்பாயி குடித்திருந்தால் "சாயம் இருக்கு, ஏலம் இல்ல" என்றிருப்பார்.

பக்கத்தில் நாயோடு நின்ற பெரியவர் இதைக் கேட்டுவிட்டுப் பேச்சுக் கொடுத்தார். அவர் தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்தவராம். "டூரின் போனவங்க யாருக்கும் சும்மா டிக்கெட் வரலை தம்பி. கைக்காசு. வீட்டுச் சாமானை வித்துட்டுப் போனாங்கன்னு சொல்வாங்க. போன நாளுக்குச் சுரங்கத்துல சம்பளமும் கிடையாது" என்றார். பேர் விழாது என்று எங்கள் ஆட்கள் சொல்வதும் இதைத்தான். அரைப்பேரை அவருக்கு விளக்கினேன். தலையை மட்டும் ஆட்டினார், நாயின் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தார்.

கடன் கழுத்தை நெரிக்க, 1911-ல் ஜெயித்து வந்த கையோடு கோப்பையை ஊர் ஹோட்டல்காரம்மாவிடம் 40 பவுண்டுக்கு அடகு வைத்துவிட்டார்கள். யுவென்டஸை ஆறு கோல் அடித்துவிட்டு அடகு! ஆடி மாசத்துப் பித்தளை அண்டா மாதிரி அது கிடையாய்க் கிடந்தது, 1960-ல் ஊரே வசூல் செய்து 100 பவுண்டு கொடுத்து மீட்கும் வரை. அதற்கப்புறமாவது நிம்மதியா? 1994 ஜனவரியில் தொழிலாளர் கிளப்பிலிருந்து யாரோ திருடிவிட்டார்கள். இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது இருப்பது மாதிரியை வைத்துச் செய்த இன்னொன்று.

கோப்பை இறுதிகள் நடக்கும் லண்டன் வெம்ப்ளி மைதானத்து ராசியும் இல்லை. 1961-ல் அமெச்சூர் கோப்பை இறுதியில் வால்தம்ஸ்டோ அவென்யூவிடம் 2-1. 2012-ல் சின்ன கிளப்புகளுக்கான எஃப்.ஏ. வாஸ் கோப்பை இறுதியில் டன்ஸ்டனிடம் 2-0, 2014-ல் ஷோலிங்கிடம் 1-0. மூன்று முறை போய் மூன்று முறையும் வெறுங்கை. லிப்டன் காற்று அடித்துவிட்டது போலிருக்கிறது.

அன்றைய மேட்சும் தோல்விதான், அதைப் பற்றி அவ்வளவு போதும். முடிந்ததும் அந்த மாற்றுக் கோப்பையைப் பார்க்க ஆசை. ஆனால் டார்லிங்டனிலிருந்து எனக்கு அந்த ஒரே ரயிலில்தான் டிக்கெட், தவறவிட்டால் புதிதாக வாங்க வேண்டும். 5:08 பஸ் என்றது ஆப். 5:08 போனது, 5:20 போனது, பஸ் திரையிலிருந்தே மறைந்தது. வராத பஸ்ஸைக்கூட மன்னிக்கலாம், வந்துகொண்டிருக்கிறது என்று பொய் சொல்கிற ஆப்பை மன்னிக்க மாட்டேன். தூறல் வேறு. நிறுத்தத்தில் நின்று கணக்குப் போட்டேன்: ரயில் 71, டாக்ஸி 16, நுழைவு 8, கழுத்துத் துண்டு 10, பையும் டீயும் 7, குலுக்கல் சீட்டு 2, இந்த வராத பஸ்ஸுக்கு ஒதுக்கிய 3. மொத்தம் 117 பவுண்டு. அசல் கோப்பையையே 100-க்கு மீட்டிருக்கிறார்கள், நான் நகலைக்கூடப் பார்க்கவில்லை.

அப்போது ஒரு பழைய கார் வந்து நின்றது. நாய்ப் பெரியவர். "டார்லிங்டன்தானே? ஏறு" என்றார். பின் சீட்டில் நாய், அதன் ஈர மூக்கு என் தோளில். மூன்று பவுண்டு மிச்சம், கணக்கு 114.

வழியில் 2009 கதையைச் சொன்னார். வெற்றியின் நூறாவது ஆண்டுக்கு மறுபடி டூரின் போய் யுவென்டஸின் இளைஞர் அணியோடு ஆடி 7-1 என்று வாங்கிக்கட்டிக்கொண்டார்களாம். நான் ஐயோ பாவம் என்று முகத்தை வைத்தேன்.

"எதுக்கு? கூட்டிப் பாரு," என்றார் ஸ்டியரிங்கைத் தட்டி. "அவங்க எட்டு, நாங்க ஏழு. இன்னொரு தடவை கூப்பிடட்டும்."