எஸ்கேப் அமுக்குனாலும் பில் டெலீட் ஆன கதை

எங்க பில்லிங் அப்ளிகேஷன்ல 14 பேஜ், ஒவ்வொண்ணுலயும் "அழிக்கலாமா?"ன்னு கேக்குற டயலாக்க தனித்தனியா காப்பி பேஸ்ட் பண்ணி வச்சிருந்தோம் (வச்சிருந்தோம்னு சும்மா சொல்றேன், வச்சது நான்தான்). ஒரு நாள் கஸ்டமர் "ஓகே, கேன்சல்னு இங்கிலீஷ்ல வேணாம், பட்டன்ல தமிழ்ல போடுங்க"ன்னுட்டாரு. 14 ஃபைலையும் தொறந்து மாத்துனேன், அப்பவும் ரெண்ட விட்டுட்டேன்.

ப்ரௌசர்லயே வர்ற கன்ஃபர்ம் பாக்ஸ் போட்டா வேலை சுலபம்தான், ஆனா அதுல பட்டன் எழுத்த மாத்தவே முடியாது, அது தொறந்திருக்குற வரைக்கும் பேஜ்ல வேற ஸ்க்ரிப்ட்டும் ஓடாது. சரின்னு எல்லா பேஜும் ஒரே டயலாக்க கூப்ட்டுக்குற மாதிரி ஜாவாஸ்க்ரிப்ட்ல ஒரு கிளாஸ் எழுதுனேன். கன்ஸ்ட்ரக்டர்ல (கிளாஸ்ல இருந்து ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடுற பகுதி) டயலாக் எலிமென்ட்ட ஒரே தடவ உண்டாக்கி பேஜோட பாடில சேத்துடும், கேள்வியும் பட்டன் எழுத்தும் குடுத்து அதுல இருக்குற ஒரு மெத்தட (ஃபங்ஷன) கூப்ட்டா ட்ரூவோ (ஆமா) ஃபால்ஸோ (வேண்டாம்) திருப்பித் தரும்.

முதல்ல கால்பேக் (பதில் வந்ததும் கூப்புடச் சொல்லிக் குடுக்குற ஃபங்ஷன்) வச்சு எழுதுனேன், கூப்புட்ற ஒவ்வொரு தடவையும் பட்டன்ல புதுசா ஒரு லிசனர் (அமுக்குனா ஓடுற கோட்) பழசு போகாம ஏறிக்கிட்டே போச்சு. ஒரு பில்லுக்கு வேண்டாம்னு சொல்லிட்டு அடுத்த பில்லுக்கு ஆமான்னா ரெண்டு பில்லும் காலி! அத ப்ராமிஸா (பதில் பின்னாடி ஒரே ஒரு தடவ வந்து சேர்ற ஆப்ஜெக்ட்) மாத்தி, டயலாக் மூடும்போது வர்ற க்ளோஸ் ஈவன்ட்டுக்கு ஒரு தடவ மட்டும் ஓடுற லிசனர் போட்டேன், அது அடங்குச்சு.

அடுத்தது டெஸ்டிங் பாக்குற அக்கா சொன்னது. "தம்பி, நான் எஸ்கேப் தான்டா அமுக்குனேன், பில் போயிடுச்சு." நான் நம்பல. என் மெஷின்ல எஸ்கேப் அமுக்குனா ஒழுங்கா ஃபால்ஸ்தான் வருது. அக்கா பக்கத்துல உக்காந்து பாத்தப்பதான் புரிஞ்சுது, அவங்க மொதல்ல ஒரு பில்ல உண்மையாவே அழிச்சிட்டு, பேஜ ரீலோட் பண்ணாம ரெண்டாவது பில்லுக்கு எஸ்கேப் அமுக்குறாங்க. பட்டன அமுக்குனா அதோட வேல்யூ டயலாக்கோட ரிட்டர்ன்வேல்யூங்குற எடத்துல போய் உக்காருது, ஆனா எஸ்கேப்ல மூடுனா அத யாரும் தொடுறதே இல்ல, பழைய "ஆமா" அப்டியே கெடக்குது. ஒரே எலிமென்ட்ட திருப்பித் திருப்பி யூஸ் பண்றதுனால வந்த வினை. டயலாக்க தொறக்குற ஷோமோடல கூப்புட்றதுக்கு முன்னாடி ரிட்டர்ன்வேல்யூவ காலி பண்ற ஒரு வரி போட்டேன், அவ்ளோதான். அதுக்குப் போய் ஒரு மதியம் பூரா போச்சு.

நடுவுல இன்ஹெரிட்டன்ஸ் (ஒரு கிளாஸ வச்சு அதுல இருந்து வேற கிளாஸ் உண்டாக்குறது) ஆசை வேற. டெலீட்டுக்கு ஒண்ணு, லாகவுட்டுக்கு ஒண்ணு, சேவ் பண்ணாம வெளிய போறதுக்கு ஒண்ணுன்னு மூணு சைல்டு கிளாஸ் எழுதிட்டேன். பாத்தா மூணுக்கும் எழுத்து மட்டும்தான் வேற, அதுக்கு எதுக்கு கிளாஸ், ஆப்ஷனா குடுத்தா போதாதா? மூணையும் தூக்கிட்டேன். கஸ்டமர் அக்கவுன்ட்டையே அழிக்கும்போது பேர டைப் பண்ணாத்தான் பட்டன் எனேபிள் ஆகணும், அது ஒண்ணு மட்டும் நெசமாவே நடத்தையே வேற, அத மட்டும் எக்ஸ்டெண்ட் பண்ணி வச்சிருக்கேன்.

இப்ப 12 பேஜ் மாறியாச்சு. மிச்சம் ரெண்டும் ரிப்போர்ட் பேஜ், அதுல அழிக்க ஒண்ணும் இல்ல, ஆனா டயலாக் மட்டும் இருக்கு, ஏன் வச்சேன்னு எனக்கே ஞாபகம் இல்ல.