பொங்கல் கட்டுரையும் தாமத நோட்டும்

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டுகளை வீட்டுக்கு எடுத்து வந்தால், எல்லோரும் உறங்கிய பிறகுதான் பிரிப்பேன். உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியனாக இருபது ஆண்டுகளுக்கு மேல் இப்படியே போகிறது. ஒரே பிள்ளை எழுதிய கட்டுரை, கடிதம், காரணம் கூறும் விடை மூன்றையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது, மூன்று வேறு பிள்ளைகள் எழுதியது போலத் தோன்றும். ஓரிடத்தில் தனித்தனியாக நிற்கும் குட்டி வாக்கியங்கள். இன்னோரிடத்தில் மூச்சு முட்டும் ஒற்றை வாக்கியம். இது ஏன் என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன்.

எம்.எட். படித்தபோது கெல்லாக் ஹண்ட் என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றி அறிந்தேன். 1965இல் அவர் 4, 8, 12ஆம் வகுப்புப் பிள்ளைகளின் எழுத்தை ஆராய்ந்தார். ஒரு முதன்மைத் தொடரையும் அதைச் சார்ந்த துணைத் தொடர்களையும் சேர்த்து ஓர் அலகாகக் கொண்டு, அலகுக்கு எத்தனை சொல் என்று எண்ணினார். வகுப்பு ஏற ஏற அலகு நீண்டது. பிறகு 1979இல் க்ரௌஹர்ஸ்ட், பிஷே என்ற இருவர் 6, 10ஆம் வகுப்புகளின் எழுத்தை ஒப்பிட்டார்கள். பத்தாம் வகுப்பில், கதை சொல்லும் எழுத்தைவிட வாதிடும் எழுத்தில் அலகுகள் நீளமாக இருந்தன.

ஆர்வத்தோடு நானும் என் ஒன்பதாம் வகுப்புத் தாள்களைப் பென்சிலால் எண்ணிப் பார்த்தேன். கணக்குத் தலைகீழாக வந்தது. ஒரு மாணவி பொங்கல் விழாவைப் பற்றி எழுதியிருந்தாள்: 'காலையில் எழுந்து, குளித்து, புதுச்சட்டை போட்டு, பாட்டி வீட்டுக்குப் போய், பொங்கல் வைத்து, கரும்பு தின்று, மாட்டுக்கு மாலை போட்டு, சாயங்காலம் விளையாடிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.' 19 சொல். அதே மாணவி, பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரலாமா என்ற கேள்விக்கு எழுதியது இது: 'கைப்பேசி இருந்தால் பாடம் தேடலாம் என்கிறார்கள், ஆனால் தேடத் தொடங்கியவர் தேடியதோடு நிறுத்துவதில்லை.' 10 சொல்தான்.

எது கடினமான வாக்கியம்? எனக்குச் சந்தேகமே இல்லை, இரண்டாவதுதான். முதல் வாக்கியத்தில் 'எழுந்து', 'குளித்து' என்று முடிவு பெறாமல் நிற்கும் எட்டு வினையெச்சங்கள் மணிமாலை போலக் கோத்து வருகின்றன. வினையெச்சங்கள் எத்தனை அடுக்கி வந்தாலும் முடிவில் வரும் வினையைக் கொண்டு எல்லாம் முடியும் என்று தொல்காப்பியம் வினையியலிலேயே சொல்லிவிட்டது. தமிழ்ப் பிள்ளைக்கு இது தாய்ப்பாலோடு வந்த கட்டு. மூன்று வயதுக் குழந்தையும் 'போய் வாங்கிட்டு வந்து குடு' என்று சொல்லும். இரண்டாவது வாக்கியத்துக்குள்ளோ ஒரு நிபந்தனை, பிறர் கருத்து, மறுப்பு, 'தொடங்கியவர்' என்ற வினையாலணையும் பெயர் ஆகியவை ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஆங்கிலத்துக்குச் செய்த அளவுகோலை அப்படியே தமிழில் வைத்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாது. அன்றிலிருந்து சொல்லை எண்ணுவதை விட்டுவிட்டு, எதைக் கொண்டு இணைத்திருக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன்.

அப்படிப் பார்த்தபோது வேறொன்றும் தெரிந்தது. சில வகை எழுத்தில் சிக்கலான வாக்கியம் பிள்ளையுடையதே அல்ல. 'பசுந்தாவரங்கள் சூரிய ஒளியின் உதவியால் நீரையும் கார்பன் டை ஆக்சைடையும் பயன்படுத்தி உணவு தயாரிக்கும் நிகழ்ச்சி ஒளிச்சேர்க்கை எனப்படும்' என்று அறிவியல் தாளில் எழுதுகிறார்கள். நடுவில் 'பயன்படுத்தி' என்ற ஒரு சொல் விட்டுப்போனால், நீரும் கார்பன் டை ஆக்சைடும் அந்தரத்தில் நிற்கும். எழுதியவனுக்கு அது உறுத்தாது. தான் கட்டிய வாக்கியமாக இருந்தால் உறுத்தியிருக்கும். விடுப்பு விண்ணப்பமும் அப்படித்தான்.

எங்கள் வகுப்பில் தாமதமாக வருபவர்கள் காரணத்தை எழுதி வைக்க ஒரு நோட்டு உண்டு. தண்டனைக்காக வைத்ததில்லை, எல்லோர் முன்னிலையிலும் நிறுத்திக் கேட்க எனக்கு மனம் வராது என்பதால் வைத்தது. ஒரு மாணவன், 'மரம் நமக்கு நிழல் தருகிறது. மரம் காய் தருகிறது. மரம் மழை தருகிறது' என்று கட்டுரை எழுதுபவன், அதில் ஒருநாள் இப்படி எழுதியிருந்தான்: 'அம்மா பூ கட்டி முடித்தால்தான் அப்பா சந்தைக்குக் கிளம்ப முடியும் என்பதால், அதுவரை தம்பியை வைத்துக்கொண்டு இருந்தேன், அவன் தூங்கியிருந்தால் முதல் பஸ்ஸுக்கே வந்திருப்பேன் ஐயா.'

நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் அப்படியே நின்றேன். நடக்காத ஒன்றை நடந்திருந்தால் என்று வைத்துப் பேசும் 'வந்திருப்பேன்' என்ற வினையை நான் அவனுக்கு நடத்தியதே இல்லை. தன் பக்கத்து நியாயத்தை ஒருவர் நம்ப வேண்டும் என்ற தேவை வந்தபோது வாக்கியம் தானாக வளர்ந்திருக்கிறது. மரத்தைப் பற்றி அவன் யாரையும் நம்பவைக்க வேண்டியிருக்கவில்லை.

யார் எழுதியது என்று சொல்லாமல், அவனிடம் அனுமதி கேட்டுக்கொண்டு அந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதினேன். கலவைத் தொடருக்குப் பாடநூலில் உள்ள எடுத்துக்காட்டை அன்று நடத்தவில்லை. இதையே பிரித்துப் பிரித்து, எது முதன்மைத் தொடர், எது துணைத் தொடர் என்று ஒரு பாடவேளை முழுவதும் பேசினோம். அவன் தலையைக் குனிந்துகொண்டே இருந்தான், ஆனால் காது முழுவதும் கரும்பலகையில் இருந்தது.

ஆண்டுத் தேர்வில் மீண்டும் மரம் வந்தது. 'எங்கள் தெருப் புளியமரத்தை வெட்டிவிட்டதால், அம்மா இப்போது நிழல் போகும் பக்கமெல்லாம் திண்ணை மாறி உட்கார்ந்து பூ கட்டுகிறார்' என்று எழுதியிருந்தான். முன்னுரையிலிருந்து முடிவுரை வரை குறிப்புச் சட்டகத்தில் ஆறு தலைப்புகள் கொடுத்திருந்தோம். அவன் புளியமரத்திலேயே நின்றுவிட்டதால், இரண்டு தலைப்புகளை எழுதவே இல்லை. விதிப்படி அதற்கு மதிப்பெண் குறைத்தேன். குறைக்க எனக்கு மனமில்லை.